நாகலூரில் ஒரு 486

ஏற்காட்டில் பழைய எலெக்ட்ரானிக் சாமான்களைக் கொல்வது ஈரம்தான். ஆனி பிறந்துவிட்டால் மேகம் ஒரு ஜன்னலில் நுழைந்து மறு ஜன்னலில் வெளியே போகும். உப்பு ஜாடி தண்ணீர் விடும், பீரோவில் வைத்த தோல் பை பச்சை பூக்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். கீழே சேலத்தில் மண்டை பிளக்க வெயில் அடிக்கும்போது இங்கே நாகலூரில் துவைத்த துணி கொடியிலேயே கிடக்கும். இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, முப்பது வருஷத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர் ஒன்றை அந்தக் காலத்துப் பாகங்களையே தேடிச் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். அதற்கு ஒரு வேலையும் இருந்தது.

1990களில் சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் டி.டி.பி. சென்டர் நடத்தியவள் நான். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கூட்டுறவுச் சங்கத்து ஆண்டறிக்கை என்று ராத்திரி பகலாக அடித்துக் கொடுத்த காலம். என் மாமனார் மலையில் பள்ளிக்கூட வாத்தியார். சேர்வராயன் கோயில் திருவிழாவில் மலையாளிப் பழங்குடி மக்கள் பாடுகிற பாட்டுகள், காப்பித் தோட்டங்களுக்கு இங்கிலீஷ் பெயர் வருவதற்கு முன்னால் அந்தக் காடுகளுக்கு இருந்த பெயர்கள், எந்தச் சுனை எந்த மாதத்தில் வற்றும் என்பதெல்லாம் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதை நான்தான் தட்டி ஃப்ளாப்பியில் ஏற்றினேன். நோட்டுகளைக் கரையான் தின்றது. அவரும் போய்ச் சேர்ந்தார். மிஞ்சியது ஒரு பிஸ்கட் டின் நிறைய ஃப்ளாப்பிகள்.

“எமுலேட்டர் இருக்குங்க அத்தை, லேப்டாப்லயே அந்தக் காலத்து டாஸ் ஓடும். இந்த இரும்பையெல்லாம் எதுக்கு மலை ஏத்தறீங்க?” என்றான் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன். நியாயமான கேள்வி. டாஸ்பாக்ஸ் மாதிரியான மென்பொருள்கள், டாஸ் என்ற அன்றைய இயங்குதளம் ஓடும் பழைய கம்ப்யூட்டரைப் போல நடித்துக் காட்டும். விளையாட்டுகளுக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் அன்றைய தமிழ் டி.டி.பி. மென்பொருள்களில் பல, ‘டாங்கிள்’ என்ற கட்டைவிரல் அளவுப் பூட்டைப் பிரிண்டர் போர்ட்டில் சொருகினால்தான் திறக்கும். திருட்டு நகலைத் தடுக்கச் செய்த ஏற்பாடு. இன்றைய லேப்டாப்பில் பிரிண்டர் போர்ட்டே கிடையாது. இரண்டாவது, 5.25 அங்குல ஃப்ளாப்பிக்கு யு.எஸ்.பி. டிரைவ் கடையில் விற்பதில்லை, விற்பதெல்லாம் 3.5 அங்குலத்துக்குத்தான். மூன்றாவது காரணம் ஒரு ஜிஸ்ட் கார்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

எந்தக் காலத்து மெஷினைக் கட்டுவது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். இதில் பலர் ஆசைப்பட்டு இடறுகிறார்கள். இந்தியாவில் பழைய கம்ப்யூட்டர் என்றால் பல தலைமுறை உண்டு. 1978இல் ஐ.பி.எம். நாட்டை விட்டுப் போன பிறகு எச்.சி.எல்., விப்ரோ போன்ற நம் கம்பெனிகள் சொந்தமாக மெஷின் செய்தன. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்த கம்ப்யூட்டர் கொள்கைக்குப் பிறகு உதிரி பாகங்கள் வருவது சுலபமாயிற்று. அதே சமயத்தில் ‘கிளாஸ்’ என்ற மத்திய அரசுத் திட்டத்தில் நாடெங்கும் 250 பள்ளிகளுக்கு இங்கிலாந்தின் பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டர்கள் போயின. 32 கிலோபைட் நினைவகம்தான் அதற்கு. இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவைக்கூட அதில் வைக்க முடியாது. மொகாலியில் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் அதை ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் செய்தது. புனேயில் டெசிபெல்ஸ் என்ற கம்பெனி ‘ஸ்பெக்ட்ரம்’ கம்ப்யூட்டரை இந்திய வேஷத்தில் விற்றது. இவையெல்லாம் கையில் கிடைத்தால் பொக்கிஷம். ஒரு சிப் போனால் மாற்றுச் சிப்புக்கு ஊர் ஊராக அலைய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அதனால் நான் 486 என்று முடிவு செய்தேன். இன்டெல் 1989இல் வெளியிட்ட பிராசசர், அதன் டி.எக்ஸ்.2 ரகம் 1992இல் வந்தது. 66 மெகாஹெர்ட்ஸ், சுமார் 12 லட்சம் டிரான்சிஸ்டர். நம் ஊர்களில் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் பெருகிய காலத்து மெஷின் என்பதால் பாகங்கள் இன்னும் பரண்களில் கிடக்கின்றன. எந்தக் கம்பெனிக் கார்டும் எந்தக் கம்பெனி போர்டிலும் பொருந்தும். ஐ.எஸ்.ஏ. என்ற பழைய நீளச் சொருகு இடமும் உண்டு, பிரிண்டர் போர்ட்டும் உண்டு. எனக்குத் தேவை அவ்வளவுதான்.

பாகங்களுக்குப் போட்டி போடுவது யார் என்று கேட்டால் சிரிப்பீர்கள்: தங்கம் எடுப்பவர்கள். அந்தக் காலத்துப் பீங்கான் உடல் பிராசசர்களின் கால்களிலும் உள்ளேயும் தங்கப் பூச்சு உண்டு. “இதெல்லாம் கிலோ கணக்குங்கம்மா. தனியா ஒண்ணு குடுக்க முடியாதுங்க, ஆளு வந்து மொத்தமா அள்ளிக்கிட்டுப் போயிருவாங்க” என்றார் சேலத்துப் பழைய இரும்புக் கடைக்காரர். டெல்லி சீலம்பூருக்கும் உத்தரப் பிரதேசத்து மொராதாபாதுக்கும் போய், நெருப்பிலும் அமிலத்திலும் முடிகிற சரக்கு அது. எரித்த புகையைச் சுவாசிப்பது அங்கே குடியிருக்கும் ஏழைகள். அவரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு மதர்போர்டு, கூடவே ட்ரைடென்ட் டிஸ்ப்ளே கார்டு ஒன்று வாங்கினேன். மல்டி ஐ.ஓ. கார்டு சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிக் கடையில் கிடைத்தது. 486 போர்டுகள் பலவற்றில் ஹார்டு டிஸ்க், ஃப்ளாப்பி, பிரிண்டர் எதற்கும் நேரடி இணைப்பு இருக்காது. அத்தனையும் இந்த ஒரு கார்டில்தான். இதை விட்டுவிட்டு மற்றதை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கீபோர்டுக்கு அலையவில்லை. டி.வி.எஸ். கோல்டு என்னிடமே இருந்தது. தட்டினால் நாலு வீடு கேட்கும் கட்டை அது. உள்ளே ஜெர்மனியின் செர்ரி நிறுவனத்து நீல ஸ்விட்ச். இன்று சின்னப் பிள்ளைகள் ‘மெக்கானிக்கல் கீபோர்டு’ என்று ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குவதை எங்கள் ஊர் டைப்பிஸ்ட்டுகள் அப்போதே அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

போர்டைக் கையில் வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியை. அந்தக் காலத்துப் போர்டுகளில் சின்னப் பீப்பாய் வடிவத்தில் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்றைப் பற்றவைத்திருப்பார்கள். கரண்ட் இல்லாதபோது தேதியையும் ஹார்டு டிஸ்க் விவரத்தையும் காப்பாற்றி வைப்பது அதன் வேலை. வயதானால் ஒழுகும். ஒழுகுவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். அது செம்புத் தடங்களை அரித்துக்கொண்டே போகும். பேட்டரியை வெட்டி எடுத்த பிறகும் மிச்சம் இருக்கும் காரம் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு வேலையைத் தொடரும் என்பதால் மலையில் இந்த நோய் வேகமாகப் பரவுகிறது. பெரும்பாலும் கீபோர்டு சாக்கெட்டுக்குப் பக்கத்தில்தான் பேட்டரி இருக்கும். எல்லாம் சரியாக வந்து கீபோர்டு மட்டும் வேலை செய்யவில்லை என்றால் காரணத்தை அங்கே தேடுங்கள்.

என் போர்டிலும் பச்சைப் பொருக்கு பிடித்திருந்தது. வைத்தியம் சமையலறையிலேயே இருக்கிறது. காரத்துக்கு மாற்று அமிலம்; வெள்ளை வினிகரைப் பழைய பல் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு பச்சை கரையும். பிறகு சுத்தத் தண்ணீர், அதற்கப்புறம் மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், காட்மியம் விஷம். போர்டைத் தண்ணீரில் கழுவுவதா என்று பதற வேண்டாம். கரண்ட் இல்லாதபோது தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. முழுக்கக் காயாமல் கரண்ட் கொடுத்தால்தான் கெடும். நான் தை மாதத்தில் கழுவினேன். காப்பிப் பழம் களத்தில் காயும் பருவம். ஏற்காட்டில் நம்பகமான வெயில் அடிப்பது அப்போதுதான்.

அரித்துப் போன தடங்களை மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, அறுந்த இடங்களில் மயிரிழைச் செம்புக் கம்பியால் பாலம் போட வேண்டும். பூதக்கண்ணாடியும் நடுங்காத கையும் வேண்டிய வேலை. புதுப் பேட்டரியாக வாட்சுக் கடையில் விற்கும் சி.ஆர். 2032 காசுப் பேட்டரியைப் போடலாம். ஆனால் நேரடியாகப் போடக் கூடாது: பழைய பேட்டரி சார்ஜ் ஆகும் ரகம் என்பதால் போர்டு அதற்கு மின்சாரம் அனுப்பிக்கொண்டே இருக்கும், லித்தியம் காசுப் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் வெடிக்கலாம். நடுவில் ஒரு டயோடு வைத்தால் மின்சாரம் ஒரே திசையில்தான் போகும். ஐந்து ரூபாய்ச் சாமான்.

பவர் சப்ளைக்கு வருவோம். 1995க்குப் பிறகு வந்த ஏ.டி.எக்ஸ். ரகத்தில் ஒரே பெரிய பிளக் இருக்கும், தலைகீழாகச் சொருக முடியாது. அதற்கு முந்தைய ஏ.டி. ரகத்தில் பி8, பி9 என்று இரண்டு பிளக். இடம் மாற்றிச் சொருகினாலும் உட்கார்ந்துகொள்ளும், ஸ்விட்சைப் போட்டதும் போர்டு போய்விடும். அன்றைய மெக்கானிக்குகள் எல்லாரும் பாடமாக வைத்திருந்தது ‘கறுப்பும் கறுப்பும் நடுவுல’ என்பதைத்தான். இரண்டு பிளக்கின் கறுப்பு ஒயர்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் சரி. இன்னொன்று: அந்தப் பெட்டிகளின் முன்பக்க ஸ்விட்சுக்கே 230 வோல்ட் நேராக வரும். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு தடவக் கூடாது.

சில பழைய பவர் சப்ளைகளில், பி.பி.சி. மைக்ரோவிலும்கூட, ரிஃபா என்ற கம்பெனியின் கெப்பாசிட்டர் இருக்கும். உள்ளே சுருட்டி வைத்திருப்பது உலோகம் பூசிய தாள். மேலுறை வருஷக்கணக்கில் விரிசல் விட்டு, தாள் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். பல வருஷம் கழித்து ஸ்விட்ச் போட்ட சில நிமிஷத்தில் வீடு நிறையப் புகை கக்கும். ஏற்காட்டுக்காரர்கள் அதைப் பார்த்த மாத்திரத்தில் மாற்றிவிடுவது நல்லது. சித்திரை, வைகாசி இடிமழை வேறு இருக்கிறது. இடி முழங்கத் தொடங்கினால் நான் பிளக்கையே பிடுங்கிவிடுகிறேன்.

மற்றவை விரைவாக. நினைவகத்தில் 30 பின் ரகம் என்றால் ஒரே மாதிரி நான்கு குச்சி வேண்டும்: ஒன்று 8 பிட் தரும், பிராசசர் கேட்பது 32. திரை வெறுமையாக இருந்தால் பயப்படாமல் ஸ்பீக்கர் எத்தனை முறை கத்துகிறது என்று எண்ணுங்கள். கம்ப்யூட்டரை எழுப்பும் நிரலான பயாஸ் அமி ரகம் என்றால், மூன்று முறை கத்தினால் நினைவகம், எட்டு முறை என்றால் டிஸ்ப்ளே கார்டு. பாதி நோய்க்கு மருந்து, கார்டின் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி சொருகுவதுதான். மானிட்டருக்கு வி.ஜி.ஏ. உள்ள எல்.சி.டி. போதும். பழைய டப்பா மானிட்டரைத் திறந்து பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். உள்ளே பத்தாயிரக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும்.

ஹார்டு டிஸ்க் மட்டும் நான் பழையது போடவில்லை. கேமராவில் போடும் காம்பேக்ட் ஃப்ளாஷ் கார்டு, பழைய ஐ.டி.இ. ஹார்டு டிஸ்க்கின் பாஷையையே பேசும். நடுவில் ஒரு சின்ன அடாப்டர் போதும். பழமை விரும்பிகள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். இந்தக் கார்டைக் கழற்றி லேப்டாப்பில் சொருகினால் கோப்புகள் நேராக வந்துவிடுகின்றன. அன்றைய பயாஸ்கள் பலவற்றுக்கு 1,024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்ற கணக்குக்கு மேல் தெரியாது. 512 பைட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 52.8 கோடி பைட். அதற்கு மேல் எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் மிச்சம் வீண்.

இனி அந்த பிஸ்கட் டின். ஃப்ளாப்பி என்பது காந்தத் துகள் பூசிய பிளாஸ்டிக் வட்டு. பூச்சைப் பிடித்து வைத்திருக்கும் பசை பூஞ்சைக்கு நல்ல தீனி. வட்டை மெல்லச் சுழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள், சிலந்தி வலை மாதிரிக் கோடுகள் தெரியும். அதை அப்படியே டிரைவில் போட்டால் பூஞ்சையோடு பூச்சும் பெயர்ந்து ஹெட்டில் ஒட்டும். அடுத்துப் போடும் நல்ல ஃப்ளாப்பியையும் கீறும். ஒரு கெட்ட ஃப்ளாப்பி மொத்த டின்னையும் அழித்துவிடும். உறையின் ஓரத்தைப் பிளேடால் கீறி, வட்டை வெளியே எடுத்து, ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய துணியால், நடுவிலிருந்து வெளியே இழுக்காமல் வளைவின் போக்கிலேயே துடைத்து, உலர்த்தி, வேறொரு நல்ல உறையில் போட வேண்டும். உறைக்காக எழுதப்படாத பழைய ஃப்ளாப்பிகளைப் பலி கொடுத்தேன். 5.25 அங்குலத்தில் ஓரமாக இருக்கும் வெட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் டிரைவ் அதன் மேல் எழுதாது. முக்கியமான ஃப்ளாப்பிக்கு இதை முதலில் செய்யுங்கள். 360 கிலோபைட் ஃப்ளாப்பியை 1.2 மெகாபைட் டிரைவில் படிக்கலாம். எழுதினால் அந்த டிரைவின் மெல்லிய ஹெட் பழைய அகலத் தடத்தை முழுக்க அழிக்காமல் குழப்பிவிடும்.

டாஸ் ‘படிக்க முடியவில்லை’ என்று கைவிட்ட சிலவற்றுக்கு கிரீஸ்வீசல் என்ற சின்னக் கருவி உதவியது. பழைய டிரைவை யு.எஸ்.பி. வழியாக லேப்டாப்போடு இணைப்பது அது. கோப்பு, செக்டர் என்று எதையும் கேட்காமல், வட்டில் காந்தத் திசை மாறும் நேரங்களை அப்படியே பதிவு செய்துகொள்ளும். பிறகு ஆற அமர உட்கார்ந்து அர்த்தம் பிரிக்கலாம். அப்படியும் இரண்டு ஃப்ளாப்பி பூச்சே உரிந்து போய், கண்ணாடி மாதிரித் தெரிந்தன. அவற்றிலிருந்த சுனைகள் போனது போனதுதான்.

கோப்புகள் வந்துவிட்டன, எழுத்து வர வேண்டுமே? தமிழ்க் கம்ப்யூட்டரின் வரலாற்றில் யாரும் அதிகம் பேசாத கஷ்டம் இங்கேதான் இருக்கிறது. 1980களிலேயே கனடாவில் சீனிவாசன் ‘ஆதமி’யையும், மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’வையும் உருவாக்கித் தமிழைத் திரையில் கொண்டுவந்தார்கள். அப்புறம் ஆளுக்கொரு மென்பொருள், ஆளுக்கொரு குறியீடு. ஒருவருடைய ‘க’ இன்னொருவருக்கு ‘ஞ’. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாம், டாப் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. 2010இல் உலகப் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்ததெல்லாம் அந்தந்த மென்பொருளுக்குள் சிறைப்பட்டுக் கிடக்கிறது.

ஜிஸ்ட் கார்டு இந்தக் கூட்டத்தில் ஒரு விதிவிலக்கு. கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கி, புனேயின் சி-டாக் நிறுவனம் வெளியிட்ட கார்டு அது. ஐ.எஸ்.ஏ. இடத்தில் சொருகினால் சாதாரண டாஸிலேயே இந்திய மொழி எழுத்துகள் தெரியும். கூட்டுறவுச் சங்கக் கணக்குகளுக்காக நான் வாங்கியது. அது பயன்படுத்திய இஸ்கி என்ற குறியீடு நாடு முழுமைக்கும் பொதுவானது. யூனிகோடின் இந்திய எழுத்துப் பகுதிகள் 1988இன் இஸ்கியைப் பார்த்துத்தான் அடுக்கப்பட்டன. அந்தக் கார்டுக்காகத்தான் ஐ.எஸ்.ஏ. உள்ள போர்டைத் தேடினேன். கடைசியில் பார்த்தால் ஜிஸ்ட் கோப்புகளைத் திறக்கக் கார்டே வேண்டியிருக்கவில்லை. லேப்டாப்பில் மாற்றி எழுதும் ஒரு சின்ன நிரல் போதுமாயிற்று. அரசாங்கத் தரத்தை அன்று கேலி செய்த டி.டி.பி.காரர்களில் நானும் உண்டு. அழகான எழுத்து வேண்டும் என்று வேறு மென்பொருளில் அடித்த பாட்டுகள்தான் டாங்கிளைக் கேட்டன.

அந்த மென்பொருள் தமிழைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே சேமித்திருக்கிறது. ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால் என்று மூன்று துண்டு. யூனிகோடில் முதலில் க, அடுத்து ஒகரக் குறி, அவ்வளவுதான். ஆகவே எண்ணுக்கு எண் மாற்றினால் போதாது. கொம்பைத் தூக்கி எழுத்துக்குப் பின்னால் வைத்து, காலோடு சேர்க்க வேண்டும். எந்த எண் எந்தத் துண்டு என்பதை 486இன் திரையில் ஒவ்வொன்றாக வரவழைத்துப் பார்த்து அட்டவணை எழுதினேன். நிரலை எழுதிக் கொடுத்தவன், எமுலேட்டர் போதும் என்றவனேதான். திருவிழாப் பாட்டுகளும் காட்டுப் பெயர்களும் இப்போது என் செல்போனில் இருக்கின்றன. பிழை திருத்தத்துக்கு, பாட்டுத் தெரிந்த மூத்தவர்கள் வீட்டுக்குத் தாள் அச்செடுத்துக்கொண்டு போகிறேன். மாமனார் தவறாக எழுதிய இடங்களையும் அவர்கள் விடாமல் சொல்கிறார்கள்.

உங்கள் பரணிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தால் இந்த வாரமே இறக்குங்கள். ஓட்டிப் பார்க்கும் அவசரம் வேண்டாம். பெட்டியைத் திறந்து பேட்டரியை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள். டாங்கிளும் இன்ஸ்டால் ஃப்ளாப்பிகளும் எங்கே என்று பாருங்கள், அவற்றைத் தனியாக ஒரு காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். உங்களுக்கு வேண்டாம் என்றால் கட்டத் தெரிந்த யாரிடமாவது கொடுங்கள், இல்லையென்றால் மின்கழிவு எடுக்க அனுமதி பெற்றவரிடம் கொடுங்கள். கிலோ கணக்கில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.